உம்மா ஏறினால் நிற்கிற ஜீப்

கராஜில் இந்த வருசம் சேர்ந்த நீங்கள் ஐந்து பேரும் கூடி எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். ஊரில் இப்போது கூடிவரும் இந்த உயர்ரகச் சின்ன ஜீப்களை நம்பலாமா, அவற்றில் அடிக்கடி வரும் கோளாறுகள் என்ன, அனுபவத்தில் கண்டதை எண்ணிட்டு எழுதித் தாருங்கள் என்று. எண்ணிட்டு எழுதுவதில் எனக்குக் கஷ்டமில்லை. நாற்பத்தொரு வருசம் கராஜுக்கு வந்த ஒவ்வொரு வண்டியையும் கொப்பியில் எழுதியே பழகியவன். ஓய்வுக்குப் பிறகும் அது விடவில்லை. வீட்டுக் கேற்றைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறேன். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் நிற்கும் வாகனங்களை எண்ணுகிறேன். ஒரு ஜீப்பின் கீழே ஈரம் கண்டால், அது ஏசித் தண்ணீர்தான் என்று தெரிந்தும், குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொழப் போகிறேன்.

சரி, எண்ணிட்டே தருகிறேன்.

ஒன்று, கியர்ப்பெட்டி. பின்னேரம் கல்முனைச் சந்தைக்குள் ஊர்ந்து ஊர்ந்து போகிறவர்களின் இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி சூடேறி உதறும். அதே வண்டி கொழும்புப் பாதையில் ஒரு குறையும் காட்டாது. இரண்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற பிளாஸ்ரிக் குழாய்கள். அவை வெடிக்கும்வரை ஒன்றும் சொல்லமாட்டா. மூன்று, ஒலுவில் துறைமுகத்தில் மீன் வாங்கி ஐஸ் பெட்டியோடு பின்னால் ஏற்றி வருகிறவர்கள். உப்புத் தண்ணீர் கம்பளத்துக்குக் கீழே இறங்கி வயர் மூட்டுகளைத் தின்னும். ஆறு மாதம் கழித்துப் பின்கதவு தானாகத் திறக்கும். வீட்டுக்காரர் ஜின் என்பார். நான்கு, ஹைபிரிட் பெட்டரி சூடாவது.

நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில், நம்பலாம் என்பதுதான். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் மனதில் வைத்துச் செய்த பயணியும் எங்கள் பின் சீற்றில் ஏறுகிற பயணியும் ஒருவரல்ல. கோளாறு பாதி அந்த இடைவெளியில் இருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிசியின் உயிரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டேன். நாலாவதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நான் கராஜை விட்டு விலகுவதற்கு முந்திய வருசம் அது. சாய்ந்தமருதில் இரும்புக் கடை வைத்திருக்கும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஜௌபர் ஓர் உயர்ரகச் சின்ன ஜீப் எடுத்தார். ஹைபிரிட், தோல் சீற், கொழும்பில் ஒருவர் பாவித்தது. வாங்குமுன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு முழு நாள் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று சொன்னவன் நான். இதை மறந்துவிடாதீர்கள். மற்றவர் பார்த்துக் கொடுத்த வண்டி பழுதானால் அது வண்டியின் பழுது. நான் பார்த்துக் கொடுத்தது பழுதானால் எனக்குச் சோறு இறங்காது.

ஜௌபர் எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டில் இருக்கிறவர். வீடு மாமியார் மகளுக்குக் கொடுத்தது. மாமியாரும் அவர்களோடுதான். மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதுக்கு வந்தவர். அவருக்கு நெஞ்சில் வால்வு பழுது. மட்டக்களப்பில் கிளினிக், கண்டியில் ஒப்பரேசன் என்று முடிவாகியிருந்தது. ஜீப் எடுத்ததே பாதி அவருக்காகத்தான்.

ஜீப் எடுத்த இரண்டாம் மாதம் முதல் தடவை நின்றது. கிளினிக்குக்குப் போகும் வழியில் முன் பலகையில் எச்சரிக்கை எரிந்து, இழுவை குறைந்து, களுவாஞ்சிக்குடிக்கு அப்பால் ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அரை மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. கராஜில் கோளாறு வாசிக்கும் ஸ்கேனரைச் சொருகினோம், பெட்டரி சூடு என்றது. அந்தப் பெட்டரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் ஒரு சின்ன விசிறி இழுத்து அதைக் குளிர்விக்கும். விசிறியைக் கழற்றித் துடைத்தோம். காற்றுப் போகும் வாயைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது.

"பின் சீற்றில சாமான் கீமான் அடுக்குறயா?" என்று ஜௌபரைக் கேட்டேன்.

"இல்ல காக்கா. மாமி மட்டும்தான் இரிப்பா."

கேள்வியையும் பதிலையும் கொப்பியில் எழுதினேன். இரண்டும் உண்மை. இரண்டாலும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

மறுபடி நின்றது. மூன்றாம் தரமும் நின்றது. ஒவ்வொரு தரமும் கராஜுக்கு வரும்போது சுத்தமாக வந்து, நாங்கள் ஓட்டிப் பார்க்கும்போது குழந்தைபோல ஓடியது. நாலாம் தரம் பொத்துவிலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில் நின்று, திரும்பி நேராகக் கராஜுக்கு வந்தார்கள். மாமியார் இறங்கி உள்ளே வந்து, வாசலோரப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு தலகணியும் மடித்த துணியும். நான் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கொப்பியை விரித்தேன்.

இங்கேதான் என் பிழை.

"இஞ்ச பாருங்க ஜௌபர்," என்றேன். "கிளினிக்குக்கு மூணு தரம், இண்டைக்கு ஒரு தரம். நாலு தூரப் பயணம். நாலுலயும் மாமி இருந்திரிக்கா, நாலுலயும் நிண்டிரிக்கு. நீங்க கொழும்புக்குப் போன, திருகோணமலைக்குப் போன, அம்பாறைக்குப் போன. மூணுலயும் மாமி இல்ல, ஒண்டுலயும் நிக்கல்ல. அப்ப ஜீப்புக்கு மாமியப் புடிக்கல்ல போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜௌபர் இன்னும் ஒன்று போட்டார். "மாமியப் புடிக்க எனக்கே பதினாலு வருசம் எடுத்த காக்கா, ஜீப் இப்பதானே வந்திரிக்கு." மாமியாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பெட்டரி முதுமை அடைந்திருக்கலாம், மாற்ற வேண்டி வரலாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சிரிப்போடு விசயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ஜௌபர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"புதன் காலை எட்டு மணிக்குக் கண்டி ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரச் சொல்லிரிக்காங்க காக்கா. நாளைக்கு சுபஹு தொழுதிட்டு வெளிக்கிடணும். மாமி வரமாட்டா எண்டு நிக்கிறா."

"ஜீப்புக்குப் பயந்தா? வேன் ஒண்டு புடிங்களன்."

"புடிச்சிட்டன். அதுலயும் ஏற மாட்டாவாம். நீங்க கொப்பில எழுதி வெச்சிரிக்கீங்களாம், அவட காலடிதான் முசீபத்து, அவ கால் வெச்சா கெடுதி எண்டு."

இந்தத் திகதி தவறினால் அடுத்தது எப்போது என்று கேட்டேன். அந்த வால்வோடு அடுத்த திகதிவரை மாமியார் இருக்க வேண்டுமே என்பதுதான் கேள்வி என்று ஜௌபரின் முகத்தில் இருந்தது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறினேன். கொப்பியை ஏன் எடுத்தேன் என்று இன்றும் தெரியாது.

மாமியார் ஹோலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஸலாம் சொன்னேன்.

"வாங்க தம்பி. மகள், வண்டிக்காரர் வந்திரிக்கார், தேத்தண்ணி ஊத்து."

"ராத்தா, நான் அண்டைக்குச் சொன்னது சும்மா பகிடிக்கு."

"பகிடிக்கா? கொப்பியப் பாத்து வாசிச்சீங்களே தம்பி. கொப்பிலயும் பகிடி எழுதுவாங்களா?"

கையிலிருந்த கொப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"சரி, நீங்க எண்ணினது பிழையா?"

"எண்ணினது சரி ராத்தா. ஆனா..."

"ஆனா என்ன? இந்த வீடு நான் மகளுக்குக் குடுத்தது. இதுல ஒரு குறையும் வரல்ல. ஜீப் மருமகன் உழைச்சு எடுத்தது. அதுல நான் கால் வெச்சா நிக்கிது. இப்ப வேன் புடிச்சிரிக்காங்களாம். அந்த வேன்காரனும் புள்ள குட்டிக்காரன்தானே. கண்டி ஏத்தத்தில, அந்தப் பதினெட்டு வளைவுல அவன்ட வண்டி நிண்டா? அல்லாஹ் போக வேணா எண்டு காட்டுறான். எனக்கு விளங்கிட்டு, உங்களுக்குத்தான் விளங்கல்ல."

மகள் சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஜௌபர் நிலத்தைப் பார்த்தார். நான் பெட்டரி பற்றி, சூடு பற்றி, விசிறி பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது: என்னிடம் காரணம் இல்லை. சந்தேகம்தான் இருக்கிறது. அவரிடமோ நாலுக்கு நாலு என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொடுத்தவனும் நான்.

தேத்தண்ணீரைக் குடிக்காமல் வெளியே வந்தேன். முற்றத்துக் கொடியில் உடுப்புக் காய்ந்தது. நடுவில் மருதமுனைத் தறித் துணி ஒன்று, நீலமும் வெள்ளையும், தடித்தது, கட்டில் விரிப்பளவு. அதன் ஒரு கரையில் சாம்பல் நிறக் கோடுகள், சீப்பால் இழுத்ததுபோல ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில். கண் தன்பாட்டில் எண்ணிற்று. பதினொன்று. நான் நடந்து கேற்றடிக்கு வந்துவிட்டேன். கையைக் கேற்றில் வைத்தவன் திரும்பிப் போய் மறுபடி எண்ணினேன்.

யன்னலால் குரல் வந்தது. "அதுல என்னத்த எண்ணுறீங்க தம்பி?"

"இந்தக் கோடு என்ன ராத்தா?"

"அது போகுதில்ல. சவுக்காரம் போட்டும் பாத்தன், வெயில்லயும் போட்டன். நல்ல துணி, வீணாப் போயிட்டு."

"இத எங்க விரிக்கிற?"

"வண்டிலதான். பேரன் ஒருக்கா அந்தச் சீற்றில மூத்திரம் பெய்திட்டான். கழுவினாங்கதான், எனக்கு மனசு கேக்குதில்ல. தூரம் போனா தொழுகை வக்து வந்திரும். நெஞ்சுக்கு ஏலாம நான் சீற்றிலயே இருந்துதானே தொழுற. சுத்தமான துணி வேணாமா? ரெண்டா மடிச்சு விரிச்சு, நழுவாம ஓரமெல்லாம் இறுக்கிச் சொருகி, தலகணியும் வெச்சிட்டுத்தான் இரிப்பன்."

நான் ஓடினேன் என்று சொல்லமாட்டேன், அந்த வயதில் ஓட முடியாது. ஜீப் போர்ட்டிக்கோவில் நின்றது. பின்கதவைத் திறந்து குனிந்தேன். சீற்றின் ஓரத்தில், கீழே, பெட்டரிக்குக் காற்றுப் போகும் வாய். கறுப்புப் பிளாஸ்ரிக் சட்டங்களுக்கிடையில் நீளமான துளைகள். விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று. மூன்று தரம் எண்ணினேன்.

விசிறி அந்தத் துணியூடாக மூச்சு விட முடியாமல் இழுத்து இழுத்து, தூசியால் அதில் கோடு போட்டிருக்கிறது. நாலு பயணத்திலும் வண்டி தன் கோளாறை எழுதியே வைத்திருந்தது. நான் வாசிக்கவில்லை.

"கராஜுக்கு வரக்க இது ஒருநாளும் இருக்கல்லயே!" என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்கட ஆக்கள் எண்ணெய்க் கையோட சீற்றில ஏறுவாங்களே காக்கா. கராஜ் பேர்ப் போர்ட் தெரிஞ்ச உடனே உம்மா எடுத்து மடிச்சு மடில வெச்சிருவா."

அன்று அவர் மடியில் இருந்தது அதுதான். நான் பயணங்களை எண்ணி வாசித்துக்கொண்டிருந்தபோது, நாலு அடி தூரத்தில், என் கண்ணுக்கு முன்னால். சாமான் வைக்கிறீர்களா என்று கேட்டேன், தொழுகைத் துணியை யார் சாமான் என்பார்கள்?

உள்ளே போய் மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். இனி எழும்பி உடுப்பு அடுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் முற்றத்தில நிண்டு கதை செஞ்சிட்டு வந்தீங்களோ?"

"வல்லாஹி இல்ல ராத்தா."

"நாலு தரமும் துணியும் இருந்த, நானும் இருந்த. துணியா நானா எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க?"

கராஜில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அது சரியான கேள்வி.

"துணிய நான் விரிச்சு விடுறன். தலகணியும் வெச்சு விடுறன். ரெண்டு பேரும் ஏறி ஓடுங்க. நான் வீட்டில இரிக்கன். நிண்டா துணி. நிக்காட்டி நான். அதோட என்னக் கண்டி கிண்டி எண்டு கரைச்சல் படுத்தக் கூடா."

கொடியிலிருந்து துணியை எடுத்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் கையால் விரித்து ஓரம் சொருகினார். தலகணியைச் சரித்து வைத்தார். "இப்ப போங்க," என்றார். மணி ஒன்று முப்பது.

பிள்ளைகளே, வண்டி நிற்கக் கூடாது என்று துஆ கேட்டு ஓட்டியிருப்பீர்கள். நிற்க வேண்டும் என்று துஆ கேட்டு ஓட்டியிருக்கிறீர்களா? விட்டு விட்டு வரும் கோளாறு கூப்பிட்டால் வராது. எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன். காரைதீவு தாண்டினோம், மாவடிப்பள்ளி தாண்டினோம். சம்மாந்துறையில் நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். முன் பலகையில் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிசத்தில் அம்பாறை. ஒன்றும் இல்லை. போன் அடித்தது.

"நிண்டிச்சா?"

"இன்னும் இல்ல ராத்தா."

"ம்," என்றார். வைத்துவிட்டார்.

அம்பாறைக்கு அப்பாலும் ஓடினோம். வண்டி வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. இதைப் பார்த்துத்தான் எடுக்கலாம் என்று சொன்னேன், இப்போது இதையே வேண்டாம் என்று துஆ கேட்டேன். திருப்பிக்கொண்டு மறுபடி அம்பாறைக்குக் கிட்ட வந்தபோது அறுபத்தைந்து நிமிசம். ஜௌபர் வேகத்தைக் குறைத்தார்.

"காக்கா, ஓரமா நிப்பாட்டிட்டு, நிண்டுட்டு எண்டு சொல்லுவம். மாமிக்கு என்ன தெரியும்?"

நான் முன் பலகையைப் பார்த்தேன், ஒரு விளக்கும் இல்லை.

"அவட உசிரு பெரிசா, இந்தப் பொய் பெரிசா? சொல்லுங்க காக்கா."

சொல்லிவிடலாம் என்று எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டாம். நான் தடுத்தது பயத்தால். பொய் சொல்லி ஏற்றிக்கொண்டு போய், காரணம் துணி அல்லாமல் வேறாக இருந்து, அந்த நெஞ்சோடு அவர் உள்ளே இருக்கும்போது பதினெட்டு வளைவில் ஜீப் நின்றால்? அப்போது அவருக்கு யார் எதைச் சொல்ல முடியும்? கொப்பியில் நிமிசத்தைக் குறிக்கப் போனேன். பேனை பிடித்த கை காய்ந்திருந்தது. சட்டைக் கழுத்தும் காய்ந்திருந்தது. கச்சான் வெக்கைக் காற்றடிக்கிற மாதம், பகல் இரண்டரை மணி, இவ்வளவு பயத்தில் எனக்கு ஏன் வியர்க்கவில்லை?

"ஜௌபர், மாமி வரக்க ஏசி போடுறயா?"

"எங்க காக்கா! குளிர் அவவுக்குச் சரிவராது. கண்ணாடியும் துறக்க ஏலா, காத்து நெஞ்சில படுமாம். நாங்கதான் உள்ளுக்கு அவிஞ்சு..."

அவர் முடிக்கவில்லை. நானே கையை நீட்டி ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிகளை ஏற்றினோம். பெட்டரி குடிப்பது நாங்கள் குடிக்கிற காற்றைத்தான். நாங்கள் இரண்டு பேரும் குளிரில் சொகுசாக இருந்துகொண்டு, துணி வழியே கசிந்த கொஞ்சக் காற்றையும் அதற்குக் குளிராகக் கொடுத்திருக்கிறோம்.

பத்து நிமிசத்தில் சட்டை ஒட்டிற்று. பதினைந்தில் ஜௌபரின் மூக்கு நுனியிலிருந்து ஸ்டியரிங்கில் சொட்டிற்று. இருபத்திரண்டாம் நிமிசம், சம்மாந்துறை வயல் ஓரத்தில், மஞ்சள் விளக்கு. இழுவை குறைந்து, ஜீப் கிழட்டு மாடுபோல ஓரத்தில் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜௌபர் கத்திக்கொண்டு குதித்தார். நானும் இறங்கினேன். இரண்டு பேரும் நடு வெயிலில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பின்னால் வந்த ட்ரக்டர்காரர் நிறுத்தினார்.

"என்ன, வண்டி பழுதா?"

"ஓம்! பழுதாப் போயிட்டு!" என்றார் ஜௌபர், பல் முழுவதும் தெரிய.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜௌபர் போன் எடுத்தார். "மாமி, நிண்டுட்டு!" அடுத்த நிமிசம் போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. மருமகன் எனக்காகப் பொய்யும் சொல்லுவான்."

"நிண்டுட்டு ராத்தா. நாங்க நடு ரோட்டில நிக்கிறம்."

"எத்தினையாவது நிமிசம்?"

"எண்பத்தேழு."

"கொப்பில எழுதினீங்களா?"

"எழுதின."

"அப்ப சரி. துணிய நிலத்தில போட்டிராதீங்க," என்றார்.

என் கவலை அதோடு முடியவில்லை. ஐந்து தரம் சூடான பெட்டரி உள்ளுக்குள் எவ்வளவு கெட்டிருக்கும் என்று ஸ்கேனர் முழுதாகச் சொல்லாது. அன்று பின்னேரம் சோதித்தேன், சரி என்றது. எனக்கு அது போதவில்லை. வேனில் போங்கள் என்றேன். மாமியார் மறுத்துவிட்டார். ஏறினால் அந்த ஜீப்பில்தான் ஏறுவார், தன் காலடியோடு அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. கடைசியில் ஒத்துக்கொண்டது இது: துணியை ஒற்றையாக விரித்து, காற்று வாய்ப் பக்கம் சுருட்டி ஊசி குத்துவது, ஏசியைச் சின்னதாக வைத்து அவர் கம்பளிச் சால்வை போர்த்துவது, பிடித்த வேனை விடாமல் வெறுமையாகப் பின்னால் கொண்டுபோவது. வேனில் நான். நானாகத்தான் ஏறினேன்.

சுபஹுக்குப் பின் வெளிக்கிட்டு மஹியங்கனைவரை ஜீப்பின் பின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற்றம் தொடங்கியதும் வளைவுகளை எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பின் பிரேக் விளக்கு எரியும்போது என் கால் வேனின் தரையை அழுத்தியது. வேன்காரர் சிரித்தார். "காக்கா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல." பதினைந்து. பதினாறு. பதினேழு. பதினெட்டு. மேலே ஏறி, பாதை கொஞ்சம் நேராகிய இடத்தில் நான் மூச்சை விட்டேன்.

ஜீப் ஓரம் கட்டி நின்றது.

வேன் முழுதாக நிற்குமுன் இறங்கிவிட்டேன். கால் சறுக்கிற்று. பின் கண்ணாடி இறங்கியது. சால்வைக்குள் மாமியாரின் முகம்.

"என்ன ராத்தா, விளக்கு எரிஞ்சதா? இழுவை குறைஞ்சதா? ஜௌபர், என்ன காட்டுது?"

"ஒண்டும் காட்டல்ல தம்பி. ளுஹா தொழணும். இவன் ஆட்டி ஆட்டி ஓட்டினா நான் எப்பிடித் தொழுற?" என்றார். "நான்தான் நிப்பாட்டச் சொன்ன. கொப்பில எழுதுங்க."

அந்த இடத்திலேயே எழுதினேன். ஆறாம் தரம், ராத்தா சொன்னதால் நின்றது.

ஒப்பரேசன் முடிந்து பன்னிரண்டாம் நாள் அவர் அதே ஜீப்பில், அதே துணியின் மேல் வீடு வந்தார். அவரை உங்களுக்குத் தெரியும். ஜௌபரின் ஜீப் சேர்விசுக்கு வரும்போதெல்லாம் வாசலோரக் கதிரையில் இருந்துகொண்டு உங்கள் எண்ணெய்க் கைகளைப் பார்த்து அதட்டுகிறாரே, அவர்தான். இன்னொரு வீட்டில் அது தலகணியாக இருக்கும், அரிசிச் சாக்காக இருக்கும், மழைக்கு விரித்த பொலித்தீனாக இருக்கும். கராஜ் போர்ட் தெரிந்ததும் அதை எடுத்து மறைத்துவிடுவார்கள், எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து. எண்ணி முடியுமுன் யார் முன்னாலும் வாசித்துவிடாதீர்கள். ஸ்கேனரைச் சொருகுமுன், வண்டியில் வந்தவரின் மடியைப் பாருங்கள்.